தேத்தண்ணி ஆற்றில் ஒரு சுறாப்பல்

(சுழியோடியிடம் கேளுங்கள் – வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் கடலட்டை எடுக்கப் போகிறவர்களின் மூட்டுவலி பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, "என் மேசையில் ஒரு பழைய சுறாப்பல் கிடக்கிறது, ஆற்றுக்குள் எடுத்தது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதுதான் வினை. மூட்டுவலியைப் பற்றி யாரும் திரும்ப ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தப் பல்லைப் பற்றியவைதான். சரி, இந்த முறை பல்லுக்கே ஒதுக்கிவிடுகிறேன். வலிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

ஆற்றுக்குள் சுறாப்பல் எப்படி வந்தது? கறுப்புத் தண்ணீருக்குள் இருந்து ஒருவர் உள்ளங்கை அளவு பல்லோடு மேலே வருவதை வீடியோவில் பார்த்தேன். அந்த ஆற்றில் அவ்வளவு பெரிய சுறா இருக்கிறதா?
– உயர்தர மாணவர், களுவாஞ்சிகுடி

இல்லை தம்பி. சுறா ஆற்றுக்கு வரவில்லை. சுறா செத்து மண்ணாகி எத்தனையோ இலட்சம் வருடத்துக்குப் பிறகு ஆறுதான் அந்த இடத்துக்கு வந்தது.

நீங்கள் பார்த்தது அநேகமாக அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ள்ஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் கடலில் விழும் கூப்பர் ஆறாக இருக்கும். நான் இறங்கியதும் அங்கேதான். அந்தக் கரையோரச் சமவெளி முழுக்க ஒரு காலத்தில் கடலடி. கடல் ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது. ஏறி நின்ற காலங்களில் சுறாக்கள் அங்கே வாழ்ந்து பல்லை உதிர்த்தன. நீங்கள் பார்த்த உள்ளங்கை அளவுப் பல், மெகலொடோன் என்ற, இப்போது அழிந்துபோன பெருஞ்சுறாவுடையதாக இருக்கும். உதிர்ந்த பல் சேற்றில் புதைந்தது. கடல் கடைசியாக விலகிப் போனபோது அந்தச் சேறு தரையாகி, மேலே காடு வளர்ந்து, பிறகு ஆறு அதை அறுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஆறு மண்ணைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். பாரமான சாமான்கள் மட்டும் அடியில் பரல் கல்லோடு கல்லாகத் தங்கிவிடும். பல்லும் அப்படித் தங்கியதுதான்.

இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அங்கே "இல்லம்" என்று சொல்லும் பரல் படைக்குள்தான் கல் கிடைக்கும், அதுவும் பாரம் காரணமாகத்தான். அதே படைக்குள் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எலும்பும் பல்லும் வந்திருக்கின்றன. கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கூப்பர் ஆற்றிலும் கதை அப்படியே. ஒரு கைப்பிடி பரலை அள்ளினால், கடல் சுறாவின் பல்லும் பனிக்காலத்துக் குதிரையின் பல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டும் ஒரே காலத்தவை அல்ல. இடையில் பல இலட்சம் ஆண்டு இருக்கிறது. ஆறு வயது பார்த்துப் பிரித்து வைக்காது.

ஏன் பல் மட்டும், எலும்பு எங்கே என்று அடுத்து கேட்பீர்கள். இதை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். சுறா வறைக்குச் சதையை அவித்து உதிர்க்கும்போது முள் பொறுக்குகிற வேலையே இல்லை. நடுவில் வெள்ளையாக, வளைந்து கொடுக்கிற ஒரு தண்டுதான் வரும். சுறாவுக்கு எலும்புக்கூடு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. அது அழுகிக் கரைந்துபோகும். பல் அப்படியில்லை, உடம்பிலேயே கடினமான சாமான் அதுதான். போதாததற்கு சுறாவின் வாயில் பல் வரிசை வரிசையாக நிற்கிறது. முன்வரிசை விழ விழப் பின்வரிசை முன்னால் வரும். ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கான பல்லை உதிர்க்கும். வாடியில் சுறா வெட்டுகிற இடத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்தால் மடங்கிப் படுத்திருக்கும் பின்வரிசைகளை நீங்களே எண்ணலாம். விரலைக் கவனித்துக்கொள்ளுங்கள். செத்த சுறாவும் வெட்டும்.

நிறம் பற்றி: பல் கறுப்பாக இருப்பது அழுக்கினால் அல்ல. புதைந்து கிடந்த மண்ணின் கனிமங்கள் பல்லுக்குள் ஊறி அதைக் கல்லாக்கிவிடுகின்றன. எந்த மண்ணோ அந்த நிறம். சார்ள்ஸ்டன் பக்கத்து மண்ணில் பொஸ்பேற்று அதிகம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1867 அளவில், அங்கே பொஸ்பேற்றைத் தோண்டிப் பசளையாக விற்கத் தொடங்கினார்கள். ஆற்றின் அடியைக்கூட வாரி எடுத்தார்கள். எத்தனை சுறாப்பல் அரைபட்டுப் பருத்தித் தோட்டத்துக்குப் போயிருக்குமோ! வயலுக்கு மூட்டை மூட்டையாகப் பசளை வாங்கி எறிகிற நாங்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

எங்கள் மட்டக்களப்பு வாவியிலும் பட்டிப்பளை ஆற்றிலும் தேடினால் கிடைக்குமா? நானும் மச்சானும் தயார். தோணி இருக்கிறது, அரிதட்டும் செய்துவிட்டோம்.
– ஒரு வாசகர், வெல்லாவெளி

அரிதட்டைக் கழுவி மச்சானின் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள், மா அரிக்க உதவும்.

பகிடி இல்லை, காரணத்தைச் சொல்கிறேன். குடும்பிமலைப் பாறையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். உன்னிச்சை, உறுகாமம் பக்கம் மொட்டை மொட்டையாக நிற்கிற பாறைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்துக்கு அடியில் விரிந்து கிடப்பது அந்த இனத்துப் பாறைதான். வயது 50 கோடி ஆண்டுக்கும் மேல். பூமியின் ஆழத்தில் வெந்து, நெரிந்து, உருமாறி வந்தது. அதற்குள் எந்த உயிரின் அடையாளமும் நிற்காது. அந்தப் பாறைக்கு மேலே வாவியும் வயலும் மணலும் இருக்கின்றன, ஆனால் அவை நேற்று வந்தவை. பாறைக்கும் மணலுக்கும் நடுவில் இருக்கவேண்டிய பழைய கடலடிப் படை எங்கள் பக்கம் இல்லை. பட்டிப்பளை ஆறு எவ்வளவு அறுத்தாலும் இல்லாததை எடுத்துத் தர முடியாது.

இலங்கையில் அந்தப் படை வேறு இடங்களில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் முழுவதும் மயோசீன் என்ற காலத்துக் கடலடிதான். அது அப்படியே மேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை இறங்குகிறது. அங்கே ஆருவக்காலுவில் சீமெந்துக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல்லில் அந்தக் காலக் கடல் உயிர்களின் எச்சங்கள் வந்திருக்கின்றன. எங்களுக்குக் கிட்ட என்றால் ஒரே ஓரிடம்: பொத்துவிலுக்குத் தெற்கே, குமணவையும் கும்புக்கன் ஓயாவையும் தாண்டி, யால காட்டின் கடலோரத்தில் மினிஹகல்கந்த. அது பாதுகாக்கப்பட்ட காடு. அரிதட்டோடு போனால் சுறாப்பல்லுக்கு முன் வழக்குத்தான் கிடைக்கும்.

வாவியில் நீங்கள் எடுக்கக்கூடியது ஊரி, மட்டி, யாரோ தவறவிட்ட நங்கூரம், மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்டதும் இழுபட்டு வந்த கட்டை, இவ்வளவும்தான். சுறாப்பல் வந்தாலும் அது இப்போதைய சுறாவின் வெள்ளைப் பல்லாக இருக்கும். கல்லான பல்லுக்கு நகத்தால் தட்டினால் சீனக் கோப்பையைத் தட்டிய மாதிரி ஒரு சத்தம் உண்டு.

ஒன்று மட்டும் உங்களைத் தேற்றச் சொல்லலாம். யாழ்ப்பாணக் களப்புச் சேற்றுக்குள் எப்போதோ செத்துப் புதைந்த சங்குகளை ஒரு காலத்தில் தோண்டி எடுத்து விற்றிருக்கிறார்கள். புதைந்ததைத் தேடித் தண்ணீரில் இறங்குவது எங்கள் ஆட்களுக்குப் புதிய தொழில் இல்லை.

என் மகன் பாசிக்குடாவில் சுழியோடப் பழகுகிறான். வெளிநாடு போனால் இந்தப் பல் எடுக்கிற வேலைதான் செய்வேன் என்று நிற்கிறான். இது எவ்வளவு ஆபத்து? மறைக்காமல் சொல்லுங்கள்.
– ஒரு தாய், ஓட்டமாவடி

சகோதரி, மறைக்காமல் சொல்வதென்றால் என் கதையைத்தான் சொல்லவேண்டும். கொஞ்சம் நீளும்.

2019 சித்திரையில் என் அக்காவின் மகன், சார்ள்ஸ்டன் பக்கம் வேலை செய்கிறவன், என்னைக் கூப்பிட்டிருந்தான். "மாமா, நீங்கள் முப்பது வருடம் தண்ணிக்குள்ள இருந்த ஆள். இந்த ஆற்றில ஒருக்கா இறங்கிப் பாருங்க" என்றான். எனக்கும் ஒரு திமிர் இருந்தது. சங்குக்கு இறங்கியிருக்கிறேன். அலங்கார மீன் பிடித்திருக்கிறேன். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்குப் படகில் துணையாகப் போயிருக்கிறேன். அந்தக் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. கூப்பர் ஆறு பத்துப் பன்னிரண்டு மீற்றர்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

படகோட்டி என்னிடம் எத்தனை மீற்றர் போயிருக்கிறாய் என்று கேட்கவே இல்லை. "ஒன்றுமே தெரியாத தண்ணீரில் இறங்கியிருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். கல்லடிப் பாலத்துக் கதையை மருமகன் மொழிபெயர்க்கச் சொன்னேன். அதைச் சுருக்கமாக உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் போகத் தடை இருந்த காலத்தில் வாவிக்குள் விழுந்த சாமான் எடுத்துக் கொடுப்பதுதான் என் சோறு. ஒரு மாரியில் 15 குதிரை வலு எஞ்சின் ஒன்று படகிலிருந்து கழன்று பாலத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. வெள்ளத் தண்ணீர், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். அடியில் ஒரு கட்டை நட்டு, அதில் கயிறு கட்டி, கயிற்றைப் பிடித்தபடி ஒரு வட்டம் தடவுவேன். பிறகு ஒரு முழம் கயிறு விட்டு அடுத்த வட்டம். மூன்று நாள். இரண்டாம் நாள் கெளிற்று முள் உள்ளங்கையில் ஏறி இரவு முழுக்கக் கை கொதித்தது. மூன்றாம் நாள் விசிறியின் ஓர் இதழ் விரலில் பட்டது. கூலி, ஐந்து கிலோ இறால். படகோட்டி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் இறங்கு" என்றார்.

அந்த ஆற்றின் நிறம் சேற்றினால் வருவதல்ல. மேலே சதுப்புக் காட்டில் இலையும் பட்டையும் ஊறி இறங்கிய சாயம். ஒரு கிளாசில் எடுத்துப் பார்த்தால் வடிவான வெறுந்தேத்தண்ணி, தெளிவாகவும் இருக்கும். ஆனால் பத்து மீற்றர் ஆழத் தேத்தண்ணிக்கு அடியில் நின்று பாருங்கள். மூன்று மீற்றரில் செம்மண் நிறம், ஆறு மீற்றரில் இரவு. ரோச் லைட் அடித்தால் முகத்துக்கு முன்னால் தோடம்பழம் போல ஓர் ஒளி உருண்டை மட்டும் தெரியும். அதற்கு அப்பால் சுவர்.

நீரோட்டம் அடுத்த தொல்லை. கடல் வற்றுப்பெருக்கு அந்த ஆற்றுக்குள் ஏறி இறங்குகிறது. வற்றும் பெருக்கும் மாறுகிற நேரம் பார்த்துத்தான் இறங்கவேண்டும். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஈயம் இடுப்பில் கட்டிவிட்டார்கள். கையில் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர். இது எதற்கு என்று கேட்டேன். பரலுக்குள் குத்தி, அதைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டத்துக்கு எதிராக வயிற்றில் ஊர்ந்து போகவேண்டுமாம். நீச்சல் அங்கே ஒன்றுக்கும் உதவாது. நாற்பது வருடம் நீந்தக் கற்றவன் உடும்பு மாதிரி ஊர்ந்தேன்.

முதல் இறக்கம் வெறுங்கை. அதுகூடப் பரவாயில்லை. முக்கோணமாக ஒன்று கையில் பட்டதும் ஆசையில் இறுக்கிப் பிடித்தேன், அது உடைந்த போத்தல். கையுறையையும் தாண்டிப் பெருவிரலை வெட்டிவிட்டது. சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று பார்க்க, அளவுமானியைக் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரிப் பிடித்து லைட் அடிக்கவேண்டியிருந்தது. ஒரு கணம் எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பயந்துவிட்டேன். வாயிலிருந்து போகிற குமிழி கன்னத்தில் எந்தப் பக்கமாக உரசிப் போகிறது என்று பார்த்துத்தான் மேலைக் கண்டுபிடித்தேன். ஹேர்மிஸ் பக்கத்துக் கடலில் தெளிந்த நாளில் கப்பலின் இரும்பு தூரத்திலேயே கறுப்பாகத் தெரியும். அந்தப் பழக்கமெல்லாம் அங்கே செல்லாக்காசு.

இரண்டாவது இறக்கத்தில் லைட்டை அணைத்துவிட்டேன். மருமகனிடம் பிறகு சொன்னபோது கத்தினான், அவன் கத்தியதும் சரி. உங்கள் மகன் அப்படிச் செய்யக்கூடாது. ஆனால் எனக்கு அந்த உருண்டை வெளிச்சம்தான் இடைஞ்சலாக இருந்தது. கண் அதையே பார்க்கிறது, கை வேலை செய்யவில்லை. அணைத்ததும் கல்லடி மாரி ஞாபகத்துக்கு வந்தது. விரல் தன்பாட்டில் பிரிக்கத் தொடங்கியது: இது மட்டி, இது மரம், இது உருண்டைக் கல், இது எலும்பு, எலும்புக்கு நுண்ணிய துளை இருக்கும். பிறகு தட்டையான, வழுவழுப்பான ஒன்று. ஓரத்தில் விரலை ஓட்டினேன். வேளாண்மை வெட்டுகிற தாக்கத்தியின் அரம் மாதிரி, சின்னச் சின்னதாக, ஒரே சீராக. போத்தலுக்கு அரம் கிடையாது. தண்ணீருக்குள் சிரித்தால் வாய்க்குள் ஆறு வரும், எனக்கு வந்தது.

ஆபத்தைக் கேட்டீர்கள். சிக்கிக்கொள்கிற தூண்டில் நரம்பு, அமிழ்ந்து கிடக்கிற மரம், மேலே ஓடுகிற படகு, இவைதான் பெரியவை. தண்ணீருக்குள் ஆள் இருக்கிறான் என்று காட்டச் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட கொடி மிதக்கவிட்டிருப்பார்கள், எல்லாப் படகும் பார்க்கும் என்று சொல்ல முடியாது. அந்த ஆறுகளில் அலிகேட்டர் இருக்கிறது. எங்கள் வாவி முதலையை விடச் சாது என்பார்கள், அதை நம்பிப் பக்கத்தில் போகத் தேவையில்லை. ஆழம் குறைவு என்பதால், ஆழத்தில் நெடுநேரம் நின்று அவசரமாக மேலே வருகிற கடலட்டைக்காரருக்கு வருகிற அமுக்க நோய் அங்கே குறைவுதான். வட கரோலினாவுக்கு வெளியே கடலில் முப்பது மீற்றர் ஆழத்தில் இதே பல்லுக்கு இறங்குகிறவர்களும் உண்டு. தண்ணீர் அங்கே தெளிவு, ஆனால் நேரக் கணக்கு பிசகினால் மூட்டும் முதுகும் பதில் சொல்லும்.

மகனை மறிக்க வேண்டாம். பாசிக்குடாவில் தெளிந்த தண்ணீரில் நூறு தரம் இறங்கட்டும். பிறகு கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, இடுப்பளவு தண்ணீரில் ஒரு சங்கைத் தேடி எடுக்கட்டும். பதறாமல் எடுத்தால் பார்க்கலாம். இன்னொன்று, இதைத் தொழில் என்று நினைக்கவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். தென் கரோலினாவில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆற்றடியில் இப்படி எடுக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், என்ன எடுத்தோம் என்று அறிக்கையும் கொடுக்கவேண்டும். புளோரிடாவில் மற்ற முதுகெலும்பிகளின் எச்சத்துக்கு அனுமதி வேண்டும், சுறாப்பல்லுக்கு மட்டும் விலக்கு. அங்கே பீஸ் ஆற்றில் சுழியோடக்கூடத் தேவையில்லை. வற்றுக் காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பரலை அரித்தே எடுக்கிறார்கள். வெல்லாவெளி மச்சானின் அரிதட்டு அங்கே போயிருக்கவேண்டியது.

அந்த மெகலொடோன் சுறா ஆழ்கடலில் இன்னும் உயிரோடு இருக்கிறதாமே?
– ஒரு மாணவி, கல்முனை

இல்லை மகள். சுமார் 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்துவிட்டது. 1870களில் சலஞ்சர் என்ற ஆராய்ச்சிக் கப்பல் பசிபிக்கின் அடியிலிருந்து சில பற்களை வாரி எடுத்தது. அவற்றின் மேல் படிந்திருந்த மங்கனீசுப் பூச்சின் தடிப்பை வைத்து, வெறும் பதினோராயிரம் வருடம்தான் என்று பிறகு ஒருவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு பிழை. ஆனால் பிழையான கணக்குக்குத்தான் ஆயுசு கெட்டி. பதினைந்து மீற்றருக்கு மேல் வளர்ந்து திமிங்கிலத்தைத் தின்ற சுறா உயிரோடு இருந்தால் கரையொதுங்கும் திமிங்கிலத்தில் கடி இருக்கும், வெள்ளைப் புதுப் பல்லும் கிடைக்கும். ஒன்றைக்கூட ஒருவரும் காட்டவில்லை.

பல் ஒன்றை இணையத்தில் வாங்கிப் பென்டன் செய்யலாம் என்று நினைக்கிறேன். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? விலை எப்படி?
– நகை வியாபாரி, அக்கரைப்பற்று

நான் ஏமாந்த கதையிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்கா போவதற்கு இரண்டு வருடம் முன், மருமகனின் பிறந்தநாளுக்கு என்று இணையத்தில் ஒரு கடையில் "அசல் மெகலொடோன்" வாங்கினேன். வடிவான பல், ஒரு கீறல் இல்லை. அதுதான் முதல் சந்தேகமாக இருந்திருக்கவேண்டும். கையில் வைத்தால் இளஞ்சூடாகத்தான் இருந்தது, கல்லின் குளிர் இல்லை. வேரின் அடியில் ஊசிமுனை அளவு குமிழித் துளைகள். ஊசியைச் சுட்டு வேரில் வைத்தேன், பிளாஸ்டிக் நாற்றம். கடைக்கு எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை.

முழுப் போலியை விட அரைப் போலிதான் கெட்டிக்காரத்தனமானது. உடைந்த அசல் பல்லுக்குப் பிசினால் வேர் வைத்து வர்ணம் பூசுவார்கள். வேருக்கும் பளபளப்பான பகுதிக்கும் இடையில் அரைவட்டமாக ஒரு மங்கலான பட்டை வரும், அங்கே பூதக்கண்ணாடியைப் பிடியுங்கள். பூச்சு அந்த மடிப்பில்தான் காட்டிக்கொடுக்கும். தங்கத்தில் பற்றாசு பார்க்கிற கண் உங்களுக்கு, நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

விலை அளவைப் பொறுத்தது, அளவை விட ஓரத்து அரத்தையும் நுனியையும் பொறுத்தது. பதினைந்து சென்ரிமீற்றரைத் தாண்டியது அபூர்வம், பதினெட்டு எட்டினால் உலகச் செய்தி. பென்டனுக்கு அவ்வளவு பெரிது எதற்கு? புளோரிடாவில் வெனிஸ் என்ற ஊரின் கடற்கரையில் பிள்ளைகள் விரல்நகம் அளவு பற்களைச் சும்மா பொறுக்குகிறார்கள். அப்படி ஒரு பிடி வாங்குங்கள், போலி செய்தால் கட்டுப்படியாகாத அளவு மலிவு.

சின்னப் பிள்ளைகளுக்குப் புலிப்பல் கட்டுகிற மாதிரி இந்தப் பல்லும் கட்டலாமா? பயம், விஷம் போகுமா?
– ஒரு பாட்டி, பெரியகல்லாறு

ஆச்சி, நீங்கள் நினைத்ததையே ஐரோப்பாவில் பல நூறு வருடம் நினைத்தார்கள். தரையில், மலையில்கூட இந்தப் பற்கள் கிடந்தன. சுறா மலையில் ஏறாதே, அதனால் இது கல்லாகிப்போன பாம்பு நாக்கு என்று முடிவுகட்டி, "நாக்குக்கல்" என்று பெயரும் வைத்தார்கள். விஷம் முறிக்கும் என்று கழுத்தில் கட்டினார்கள். பிரபுக்கள் குடிக்கிற மதுவில் தோய்த்துப் பார்த்தார்கள்.

1666இல் இத்தாலியில் லிவோர்னோ கரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலையை வெட்டி புளோரன்ஸில் இருந்த ஸ்டெனோ என்ற டென்மார்க் வைத்தியருக்கு அனுப்பினார்கள். அவர் வாயைத் திறந்து பார்த்தார், ஏற்கெனவே பார்த்திருந்த நாக்குக்கல் வரிசையாக நிற்கிறது. அடுத்த வருடம் எழுதி வெளியிட்டார்: இது சுறாப்பல், மலையில் கிடக்கிறது என்றால் அந்த மண் ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்தது. ஒரு மீன் தலையிலிருந்து மண்ணின் படைகளை வாசிக்கிற கல்வியே தொடங்கியது. அன்றைக்கு வாடியில் நின்ற யாராவது ஒரு பெண்ணைக் கேட்டிருந்தால் வாயைப் பார்த்த உடனே சொல்லியிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்கவேண்டியவர்களிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கட்டுவதென்றால் கட்டுங்கள், ஓரத்தை அரத்தால் தேய்த்துவிட்டு. பிள்ளையின் கழுத்து கீறுப்படும்.

உங்கள் பல் எவ்வளவு பெரிது? அதை என்ன செய்யப் போகிறீர்கள்? விற்பீர்களா?
– ஒரு வாசகர், ஆரையம்பதி

சாய்வாக அளந்தால் பதினொரு சென்ரிமீற்றர். சுழியோடிகளிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு: பல்லில் ஓர் அங்குலத்துக்குச் சுறாவில் பத்து அடி. அதன்படி என் பல்லுக்குச் சொந்தக்காரர் கொழும்பு பஸ்ஸை விடக் கொஞ்சம் நீளம். ஆராய்ச்சிக்காரர் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை. தாடையில் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் அளவு வேறு, அதனால் எந்த இடத்துப் பல் என்று தெரியாமல் உடம்பை அளக்க முடியாது. எனக்கு வந்தது எந்த இடத்துப் பல்லோ. ஒரு பக்கத்து வேர் உடைந்திருக்கிறது, நடுவில் சிப்பி ஒட்டிப்போன தழும்பு. விலைக்குப் போகாத பல், நான் விற்கவும் போவதில்லை.

இப்போது அது என் பேத்தியின் விளையாட்டுச் சாமான். ஏழு வயது. வாளியில் ஊரியும் கூழாங்கல்லும் போட்டு, அம்மா வடித்து வைத்த தேயிலைச் சாயத்தை ஊற்றி, "தாத்தா, கண்ணை மூடிக்கொண்டு எடுங்க" என்பாள். போன சனிக்கிழமை மூன்று தரம் எடுத்துக் கொடுத்தேன். நான்காம் தரம் வாளியை அடிவரை துழாவியும் அகப்படவில்லை. வயது போய்விட்டதோ என்று ஒரு நிமிடம் மனம் கெட்டுப்போனது. கண்ணைத் திறந்து பார்த்தால், பல்லைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.